பொய் ஈக்கு ஒரு பொட்டுக் கண்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் நகப்பூச்சுப் புட்டியைக் காணவில்லையா? குண்டூசி டப்பா திறந்து கிடக்கிறதா? சாவிக் கொத்தின் மணிச் சங்கிலியில் நாலு மணி குறைகிறதா? வேலைக்காரியைச் சந்தேகிக்காதீர்கள், சகோதரி! உங்கள் வீட்டுக்காரரோ தம்பியோ தூண்டில் போடக் கற்றுக் கொண்டிருக்கலாம். அவர் எங்கேயோ மூலையில் உட்கார்ந்து, ஒரு பொய்ப் பூச்சிக்குக் கண் வைத்துக் கொண்டிருப்பார்.

காட்டாங்குளத்தூர் என்ற பெயரை ஒரு தடவை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். காடும் காதில் விழும். குளமும் காதில் விழும். தாம்பரம் தாண்டி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ரயில் தெற்கே போகப் போக, செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். கல்லூரிகளும் அடுக்கு மாடி வீடுகளும் எத்தனை வந்தால் என்ன? ஏரியில் நீர் இருக்கும் வரையில் விரால் இருக்கும். விரால் இருக்கும் வரையில் கரையில் தூண்டிலும் இருக்கும்.

மண்புழு கோத்துத் தூண்டில் போடுவது பழைய வழி. இன்னொரு வழியில் புழுவே கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் ரோமமும் சுற்றி, பூச்சி போலவோ சின்ன மீன் போலவோ ஒரு வேஷம் போட்டு விடுவார்கள். அதைத் தண்ணீர் மேல் வீசி இழுத்தால், பெரிய மீன் ஏமாந்து வாயைத் திறக்கும். வேஷத்தில் எல்லாம் சரியாக இருந்து, கண் மட்டும் இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? கண் எழுதாத கொலுப் பொம்மை மாதிரி இருக்கும்!

மீன் ஏன் கண்ணைப் பார்க்கிறது?

சின்ன மீனைத் துரத்தும் பெரிய மீனுக்குக் கண்தான் அடையாளம். கண் இருக்கும் பக்கம்தான் தலை. இரை ஓடப் போவதும் அந்தத் திசையில்தான். இந்த ரகசியம் சில மீன்களுக்கும் தெரியும். கடலில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில, வால் பக்கத்தில் கண்ணைப் போலவே ஒரு கரும் புள்ளியை வைத்துக் கொண்டிருக்கின்றன. எதிரி வாலைத் தலை என்று நினைத்துப் பாயும். இது எதிர்ப்பக்கமாக ஓடிப் பிழைக்கும். நம் நன்னீர் விரால் இனத்திலேயே ஒன்றுக்கு வாலடியில் கண் போன்ற புள்ளி உண்டு.

இயற்கை செய்யும் இந்தச் சாமர்த்தியத்தைத் தூண்டில்காரர் தலைகீழாகச் செய்கிறார். மீன் எங்கே கடிக்க வேண்டுமோ, அங்கே கண்ணை வைக்கிறார்.

நீலகிரியின் பளிங்குத் துளி

இந்தக் கலையை நம் நாட்டில் பரப்பியவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னை ராஜதானியில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர், 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்றும், 1887-ல் ‘டாங்க் ஆங்க்ளிங் இன் இந்தியா’ என்றும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். இரண்டாவது புத்தகம் முழுவதும் குளத்திலும் ஏரியிலும் தூண்டில் போடுவதைப் பற்றியது! நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் விலாயத்து டிரௌட் மீனை வளர்க்க, 1860-களிலேயே டாக்டர் பிரான்சிஸ் டே முயன்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்ஸன் அதை நிலைபெறச் செய்தார்.

அவர்கள் மீனை இங்கே கொண்டு வந்தார்கள். பதிலுக்கு இங்கிருந்து போனது என்ன தெரியுமா? ஒரு கோழியின் கழுத்து இறகு!

தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும், இறகின் தண்டே தட்டையாகி, அரக்கு வைத்தது போல் மினுமினுக்கும். வெண்மையும் மஞ்சளுமாக, எனாமல் பூசினாற் போன்ற துளிகள். கறுத்த இறகின் மேல் அது அசல் கண்ணாகவே தோன்றும். ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் பிடிக்க ‘ஜாக் ஸ்காட்’ போன்ற பொய் ஈக்களைக் கட்டியவர்கள், இந்த இறகைத் தேடித் தேடி வாங்கினார்கள். அங்கே ஒரு துரைக்குப் பொழுது போக வேண்டும் என்றால், இங்கே ஒரு சேவலின் கழுத்து மொட்டையாக வேண்டும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கும் பறவை இறகுதான் அலங்காரம். கொள்ளை அளவு மீறியதால், 1902-ல் இந்திய சர்க்கார் காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. சட்டம் வந்தாலும் ஆசை உடனே போய்விடுமா? கள்ளத்தனமாக இறகு போய்க் கொண்டுதான் இருந்தது. இன்று 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழிக்குக் காவலாக நிற்கிறது. ஆகவே, “அசல் காட்டுக்கோழி இறகு, சார்!” என்று யாராவது ரகசியமாகக் காட்டினால், வாங்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லி விடுங்கள்.

இந்தக் கோழிக்கும் உங்கள் சமையலறைக்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஏதோ ஒரு காலத்தில், எந்தக் கொல்லையிலோ, இரண்டும் சம்பந்தம் செய்து கொண்டிருக்கின்றன!

வீட்டிலேயே செய்யலாம்

இறகு இல்லாவிட்டால் என்ன? கண்ணுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் உங்கள் வீட்டில் இருக்கிறது.

எளிதான கண் முதலில். நூல் சுற்றி முடித்த தலையில் இரண்டு மூன்று தடவை வார்னிஷோ கறுப்பு நகப்பூச்சோ பூசிக் காய விடுங்கள். பெரிய தலையுள்ள குண்டூசியை வெள்ளை அல்லது மஞ்சள் பூச்சில் தொட்டு, ஒரு பொட்டு வையுங்கள். அது நன்றாகக் காயட்டும். பிறகு சின்ன ஊசித் தலையால் நடுவில் கறுப்பு. கடைசியில் நிறமில்லாத பூச்சு ஒரு கை. அவசரப்பட்டால் கறுப்பும் வெள்ளையும் கலந்து, மீன் இரவெல்லாம் கண் விழித்தது போல் ஆகிவிடும். ஒரு எச்சரிக்கை: தெர்மோக்கோல் உடம்பின் மேல் நகப்பூச்சை நேராகத் தடவாதீர்கள், கரைந்து குழி விழும்.

இரண்டாவது, பிதுங்கிய கண். தங்கூஸ் நரம்பில் தடித்ததாக ஒரு சிறு துண்டு எடுத்து, நடுவில் இடுக்கியால் பிடித்துக் கொள்ளுங்கள். ஒரு நுனியை மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் காட்டினால், உருகி உருண்டையாகும். மறு நுனிக்கும் அப்படியே. இறால் மாதிரி செய்வதற்கு இதை மிஞ்சிய கண் இல்லை. உருகிய நைலான் தோலில் பட்டால் ஒட்டிக் கொண்டு சுடும். ஆகவே, இந்த வேலையைக் குழந்தைகளிடம் விடக் கூடாது. நகப்பூச்சு சட்டென்று தீப்பிடிக்கும் சாமான். மெழுகுவர்த்தி எரியும்போது அது அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

மூன்றாவது, மணிக் கண். சாவிக் கொத்துச் சங்கிலியில் இரண்டிரண்டு மணியாக வெட்டி, முள்ளின் முதுகில் குறுக்கே வைத்து, நூலால் எட்டுப் போட்டுக் கட்டுங்கள். இதில் ஒரு விசேஷம்: மணியின் கனத்தால் ஈ தண்ணீரில் மல்லாந்து விடும். முள் மேலே நோக்கும். பாசியும் புல்லும் நிறைந்த நம் ஏரிகளில் முள் சிக்காமல் வர இது நல்ல உபாயம். கனத்துக்காக ஈயக் குண்டு மட்டும் வேண்டாம். ஈயம் விஷம், அறுந்து ஏரியில் விழுந்தால், அதை விழுங்கும் பறவைக்கும் ஆபத்து.

நான்காவது, நம் காட்டுக்கோழிக்குப் பதில். நாட்டுக் கோழியின் கறுப்பு இறகு ஒன்றை வார்னிஷில் நனைத்து, இரண்டு விரலால் உருவிவிட்டால் ஒடுங்கி விறைக்கும். காய்ந்ததும் நுனியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு நீள்துளி வையுங்கள். அதற்கு மேல் இன்னொன்று. தண்ணீருக்குள் இருக்கும் மீன் இறகுக்கு ரசீது கேட்கப் போவதில்லை.

ஐந்தாவதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஸ்டிக்கர் பொட்டு! வெல்வெட் பொட்டு தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். வழவழப்பான பொட்டுத்தான் நல்லது. ஒட்டிய பிறகு மேலே இரட்டைக் குழாய் எபாக்ஸிப் பசை ஒரு துளி விட்டால், கண்ணாடி போட்டது போல் பளபளக்கும்.

கரையில் ஒரு வார்த்தை

ஏரி ஊர்ப் பொதுதானே என்று தூண்டிலைப் போட்டுவிட முடியாது. பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை உண்டு. கேட்டு விட்டுப் போடுவதுதான் மரியாதை. அறுந்த நரம்பைக் கரையில் எறிந்து வரவும் கூடாது. நாரையும் கொக்கும் காலில் சுற்றிக் கொண்டு தவிக்கும். இதே ஜில்லாவின் வேடந்தாங்கல் மக்கள், துப்பாக்கிக்காரர்களிடமிருந்து தங்கள் ஏரிப் பறவைகளைக் காக்க, 1798-லேயே கலெக்டரிடம் உரிமை எழுதி வாங்கியவர்கள். அந்தச் சீமையில் குடியிருக்கும் நாம், ஒரு முழ நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வர முடியாதா?

நவராத்திரிக்குப் பழைய பொம்மைகளுக்கு வர்ணம் தொட்டுக் கண் எழுதும் கை உங்களுடையது. ஒரு அரிசி அளவு இடத்தில் வெள்ளையும் கறுப்பும் வைக்க வீட்டில் அதைவிட நிதானமான கை யாருக்கு இருக்கிறது? வீட்டுக்காரர் கட்டட்டும், கண்ணை நீங்கள் வையுங்கள். விரால் வந்து சேர்ந்தால் தலை யாருக்கு என்று மட்டும் முன்கூட்டியே பேசி முடித்து விடுங்கள். அதன் மேல் முதலில் கண் வைத்தவர் நீங்கள் அல்லவா!