சப்பாத்தியோடு வந்த கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்தாலே எனக்கு டொடோமா ஞாபகம் வந்துவிடும். தான்சானியாவின் நடுவே, டார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர். 1994-இல் அதன் அருகே ஒரு கிராமத்தில் மிஷனரியாக ஊழியம் செய்தேன். அப்போது எனக்கு வயது 26.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் மார்கழிப் பனி, விடியற்கால ஆராதனை, அம்மா சுடும் அதிரசம். அங்கோ டிசம்பர் கோடைகாலம். முதல் மழை கண்டு ஜனங்கள் விதைப்புக்குப் போகிற நேரம்.

டிசம்பர் 23 அன்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் இரவு ஆராதனையில் நற்செய்தி சொல்ல வேண்டியவன் நான். எழுந்து நின்றேன். கற்றிருந்த சுவாஹிலி இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிட்டது. முன்வரிசையிலிருந்த பாட்டி ஒருவர் வந்து என் கையைப் பிடித்து, "போலே" என்றார். துக்கத்தில் இருப்பவருக்கு அவர்கள் சொல்லும் ஆறுதல் சொல் அது. என் தமிழ்க் காதுக்கோ, "உன்னைப் போலே நானும்" என்று கேட்டது. ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள்.

பண்டிகையன்று என் அறைக்குப் பிலாவும் சப்பாத்தியும் வந்தன. சப்பாத்திக்கு அங்கும் அதே பெயர்தான்!

இப்போது புனேயில் குடும்பத்தோடு இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஊர் போக முடியாத பிள்ளைகள் யாரானாலும், எங்கள் வீட்டில் அவர்களுக்கு ஓர் இலை உண்டு. ஆறுதல் சொல்லப் போன இடத்தில் நான் கற்றுக்கொண்டு வந்தது அதைத்தான்.