கரணம் நிலத்திலேயே முடிவாகிவிடும்

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் மதகுகளில் பெடியள் கூட்டம் கூடிவிடும். ஒருவன் நேராகப் பாய்வான். இன்னொருவன் முதுகைத் தண்ணீருக்குக் காட்டி நின்று, பின்பக்கமாக ஒரு குத்துக்கரணம் அடித்து விழுவான். கரையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அதே பெடியன் பின்னேரம் கராத்தே வகுப்பில் அதே கரணத்தை மெத்தையில் அடித்துப் பார்த்தால், பாதி சுற்றுவதற்குள் பொத்தென்று விழுகிறான். தண்ணீரில் வந்த வித்தை தரையில் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. மதகின் உயரம் அவனுக்கு நேரத்தை இனாமாகக் கொடுத்தது. தரையில் அந்த நேரத்தை அவனுடைய கால்கள்தான் உழைத்துத் தரவேண்டும்.

எவ்வளவு நேரம் தெரியுமா? உடம்பு 20 சென்ரிமீற்றர் மேலெழும்பினால் காற்றில் இருப்பது 0.4 செக்கன். 45 சென்ரிமீற்றர் எழும்பினால் 0.6 செக்கன். "கிளிநொச்சி" என்று ஒரு தடவை சொல்லி முடிக்கும் நேரம்! அதற்குள் தலை கீழாகி, கால் மேலாகி, மறுபடி கால் நிலத்துக்கு வந்துவிட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். உயரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் நேரம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. நேரம் அவ்வளவு கஞ்சத்தனமாகத்தான் கிடைக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: தலையைப் பின்னால் எறிவது. "தலையை எறியாத தம்பி, மேல பாய்!" என்று மாஸ்டர்மார் தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான். தலையை எறிந்தால் உடம்பு மேலே போகாமல் பின்னால் போகிறது. உயரம் குறையும், நேரமும் குறையும்.

அப்படியானால் சுழற்சி எங்கிருந்து வருகிறது? வீட்டில் ஒரு வெறும் தீப்பெட்டியை எடுத்து, மேசை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி வையுங்கள். நீண்டிருக்கும் ஓரத்தைக் கீழிருந்து விரலால் சுண்டுங்கள். பெட்டி கரணமடித்துக்கொண்டு எழும்பும். இப்போது அதை உள்ளங்கையில் வைத்து, கையை நேராக மேலே உயர்த்தி எறியுங்கள். பெரிதாகச் சுழலாமல் எழும்பும். தள்ளும் விசை நடுவிலே பட்டால் பொருள் எழும்பும். ஓரத்திலே பட்டால் எழும்பவும் செய்யும், சுழலவும் செய்யும்.

நம் உடம்பின் நடு, அதாவது புவியீர்ப்பு மையம், நிற்கும்போது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கால்கள் நிலத்தை உதைக்கும்போது நிலமும் கால்களைத் திருப்பி உதைக்கிறது. அந்த உதை புவியீர்ப்பு மையத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனால் உடம்பு பின்பக்கமாகச் சுழலத் தொடங்கும். பாதம் நிலத்தை விட்ட பிறகு பிடித்துத் திருப்ப ஒன்றுமே இல்லை. புவியீர்ப்பு இழுக்கும், ஆனால் அது நடுவிலே பிடித்து இழுப்பதால் சுழற்ற மாட்டாது. ஆகவே எவ்வளவு சுழற்சி கையிருப்பு என்பது நிலத்தை விடும் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. பெரிய வகுப்புக்குப் போனதும் இதைக் 'கோண உந்தம்' என்று படிப்பீர்கள்.

(பூனையோ சுழற்சியே இல்லாமல் விழத் தொடங்கியும் நடுவானில் திரும்பிக் காலூன்றும். 1894இல் பிரான்சில் மரே என்ற அறிஞர் அதை அடுத்தடுத்துப் படம் பிடித்துக் காட்டியபோது பெரிய விஞ்ஞானிகளே தலையைச் சொறிந்தார்கள். முன்னுடம்பையும் பின்னுடம்பையும் வேறு வேறாக முறுக்குவதுதான் அதன் தந்திரம். பாவம், நமக்கு அந்த முதுகெலும்பு இல்லை.)

கையிருப்பைக் கூட்ட முடியாது, ஆனால் வேகத்தை மாற்றலாம். ஊஞ்சல் கயிற்றை முறுக்கிவிட்டு உட்கார்ந்து சுழன்றிருக்கிறீர்களா? காலை நீட்டினால் மெதுவாகும்; மடக்கினால் விர்ரென்று சுழலும். கரணத்திலும் அதுதான். முழங்காலை நெஞ்சோடு அணைத்தால், நிமிர்ந்த உடம்பைவிடச் சுமார் மூன்று மடங்கு வேகமாகச் சுழலலாம்.

இங்கேதான் பயம் விளையாடுகிறது. பின்பக்கமாகப் புரளும்போது ஒரு கணம் நிலம் கண்ணுக்குத் தெரியாது. மனம் பதறும், கை கால் தானாக விரியும். விரிந்தால் சுழற்சி மெதுவாகும், தலை கீழே இருக்கும்போதே நிலம் வந்துவிடும். கழுத்து முறிவது இப்படித்தான். பயந்து கரணத்தைப் பாதியில் விடுவது, கரணம் அடிப்பதைவிட ஆபத்து.

இனி இறங்குவது. அரை மீற்றர் உயரத்திலிருந்து விறைத்த காலோடு இறங்கி, 5 சென்ரிமீற்றரில் உடம்பை நிறுத்தினால் கால்கள் உங்கள் நிறையைப்போல் 11 மடங்கைத் தாங்கவேண்டும். முழங்காலை மடக்கி 40 சென்ரிமீற்றரில் நிறுத்தினால் இரண்டேகால் மடங்கு போதும். வைக்கோல் கும்பியும் முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் நமக்காகச் செய்வது இதே வேலையைத்தான்.

சுழன்று உதைப்பதும், ஒடுங்கினால் வேகம் கூடும் என்ற அதே கணக்குத்தான். சுழலும் அச்சு மட்டும் படுக்காமல் நிமிர்ந்து நிற்கிறது. முதலில் கையையும் முழங்காலையும் ஒடுக்கி வேகம் எடுக்கிறார்கள், கடைசியில்தான் காலை நீட்டுகிறார்கள். டைக்வொண்டோவில் சுழன்று தலையில் உதைத்தால் 5 புள்ளி, சும்மா உதைத்தால் 3. ஆனால் சண்டையில் பாய்ந்து சுழல்வது இலேசான காரியமில்லை. நிலத்தை விட்டவன் தன் பாதையை மாற்ற முடியாது. எங்கே இறங்குவான் என்பது எதிராளிக்கும் தெரியும். முல்லைத்தீவைச் சேர்ந்த இந்துகாதேவி அக்கா 2022இல் பாகிஸ்தானில் தங்கம் வென்ற சவேட் விளையாட்டு, சப்பாத்துப் போட்ட பாதத்தால் உதைக்கும் பிரெஞ்சுச் சண்டைக்கலை. அதிலும் ஒரு கால் உதைக்க, மறு கால் நிலத்தில் ஊன்றி நிற்பதுதான் வழமை.

மாஸ்டரும் மெத்தையும் இல்லாமல் பின்கரணம் வேண்டாம். குளத்துக் கட்டிலிருந்து வேண்டவே வேண்டாம், அடியில் கல் கிடப்பது மேலே தெரியாது. இன்று செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. சுவரோடு நுனிக்காலில் நின்று, கையை உயர்த்தி வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பிறகு நின்ற இடத்திலிருந்து மேலே பாய்ந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடையில் எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து எங்களுக்கு எழுதுங்கள்.