விளையாட்டுக் கணினியின் நீர்ப் பம்பும் அதன் ஆயுளும்

பத்தாம் வகுப்பு மாணவி

உழைக்கும் பொருள் எதுவாயினும் சூடேறுவது இயற்கை. கணினியும் இதற்கு விலக்கன்று. 2023-ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் கோர் ஐ9-14900கே என்னும் செயலி, தீப்பெட்டி அளவே உடையது. ஆயினும் அது முழு வேகத்தில் இயங்கும்போது 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும். மூன்று மின்விசிறிகளைச் சுழற்றப் போதுமான அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதனால்தான் விளையாட்டுக் கணினிகள் பலவற்றில் நீர்க் குளிர்ப்பு முறை அமைக்கப்படுகிறது.

மோட்டார் வண்டியின் ரேடியேட்டரை நாம் அறிவோம். இதுவும் அதைப் போன்றதே. செயலியின் மேல் ஒரு செம்புத் தகடு அமர்ந்திருக்கும். அதனுள் ஓடும் நீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, ரப்பர் குழாய் வழியே ரேடியேட்டருக்குச் செல்லும். அங்கு விசிறிக் காற்றில் ஆறி, மீண்டும் திரும்பும். இந்த ஓட்டத்திற்கு இதயமாக விளங்குவது ஒரு சிறு பம்ப்.

இதன் ஆயுள் எவ்வளவு? பெட்டியின் மேல் 50,000 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் 34 ஆண்டுகள் ஆகின்றன! ஆனால் பல நிறுவனங்கள் 5 அல்லது 6 ஆண்டுகளுக்கே உத்தரவாதம் தருகின்றன. இது ஏன்?

முதலாவதாக, அந்த எண் ஒரு சராசரிக் கணக்கு. வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால் ஒவ்வொரு மாணவியும் 60 பெற்றாள் என்பது பொருளன்று அல்லவா? இரண்டாவதாக, பம்ப் பெரும்பாலும் தேய்மானத்தால் மட்டும் கெடுவதில்லை. ரப்பர் குழாயின் சுவர் வழியே நீர் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைகிறது. கணினி ஓடாத நாட்களிலும் இது நடைபெறும். வெப்பம் மிகுந்தால் இன்னும் விரைவாக நடைபெறும். குறைந்த நீரின் இடத்தில் காற்று சேருகிறது. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருப்பதால் அரிப்பு உண்டாகி, கசடு நுண்ணிய வழிகளை அடைக்கவும் கூடும்.

நம் ஊர்த் தோப்புகளில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் மூழ்கியிருக்கும் மோட்டாரை எண்ணிப் பாருங்கள். அதைக் குளிர்விப்பதும் அதன் தாங்கிகளுக்கு வழவழப்பு அளிப்பதும் நீரே. நீர் வற்றிய பின் வெறுமனே ஓடினால் அது கெட்டுவிடும். கணினியின் பம்புக்கும் இதே விதிதான். எனவே அதை ரேடியேட்டரின் மேல் விளிம்பைவிட உயரமான இடத்தில் இருக்கும்படி பொருத்தலாகாது. காற்று எப்போதும் மேலே சென்று தங்கும் என்பதே காரணம்.

பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் இன்னொன்றையும் கருத வேண்டும். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. ரேடியேட்டர் நீரை அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க இயலாது. ஆகவே இங்கு நீர் எப்போதும் சற்றுச் சூடாகவே ஓடும். ரேடியேட்டரில் தூசி படிந்தால் நிலைமை மேலும் மோசமாகும். அதை அவ்வப்போது துடைப்பது நன்று.

பம்ப் நலிவதைச் சில அறிகுறிகள் காட்டும். கடகடவென்ற ஒலி எழும். ஒரு குழாய் மிகச் சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருக்கும். கணினி திடீரென்று மந்தமாகும். செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்து, இறுதியில் நின்றுவிடும். ஆனால் நீர் கசிந்தால் பிற பாகங்களும் பாழாகும்.

பெரும்பாலான பம்புகளில் மீண்டும் நீர் ஊற்ற வழியில்லை. பல ஆயிரம் ரூபாய் பெறும் முழு அமைப்பையே மாற்ற வேண்டும். பம்பே இல்லாத காற்றுக் குளிர்ப்பானில் விசிறியை மட்டும் மாற்றினால் போதும். எனவே தோழியரே, வீட்டில் கணினி வாங்கக் கேட்கும்போது அதன் வேகத்தை மட்டும் சொல்லாமல், எது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வோம். அவர்கள் உழைத்துச் சேர்த்த பணத்திற்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.