கொடுவா மீனின் சினையும் கழிநீரின் நஞ்சும்

மீன்கள் செத்து மிதந்தால் செய்தித்தாள்கள் எழுதும், அதிகாரிகள் வருவர், புட்டிகளில் நீர் எடுத்துச் செல்வர். பிறக்க வேண்டிய மீன் பிறக்காமற் போனால் எவரும் அறியார். நீரில் கலக்கும் வேதிப்பொருள்கள் இழைக்கும் கேடுகளுள் இரண்டாவதே கொடிது. செங்கல்பட்டு மாவட்டத்து முட்டுக்காட்டுக் கழியையும் அங்கு வாழும் கொடுவா மீனையும் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

கொடுவா விந்தையான மீன். கழிமுகத்தை அடுத்த கடல்நீரில் முட்டையிலிருந்து வெளிவரும். குஞ்சாகக் கழிக்குள் புகுந்து வளரும். இனம் பெருக்க மீண்டும் கழிமுகம் நோக்கிச் செல்லும். மூன்று நான்கு வயதில் அது முதிர்வது ஆணாக. ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வயதிற்குள் அதே மீன் பெண்ணாக மாறிவிடும். ஆகவே சினை சுமக்கும் கொடுவா, பல்லாண்டு வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பிய மூத்த மீனாகவே பெரும்பாலும் இருக்கும். (பெரிய மீனுக்கே சந்தையில் மதிப்பு என்பதால் நாம் விரும்பி வாங்குவதும் அந்தத் தாயைத்தான்!)

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் களநிலையம் இருக்கிறது. வளர்ப்புச் சூழலில் கொடுவாவை முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முயற்சி இந்தியாவில் முதன்முதலாக 1997இல் இங்கேதான் வெற்றி பெற்றது. அதற்குக் கையாண்ட முறை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. முதிர்ந்த தாய்மீனுக்கு ஹார்மோன் எனப்படும் இயக்குநீரை ஊசிமூலம் செலுத்துவர். மீனின் எடையில் கிலோவுக்குச் சில பத்து மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ ஒன்றரை நாளில் மீன் முட்டையிடுகிறது. இத்துணைச் சிறிய அளவுக்குக் கீழ்ப்படியும் உடல், அந்த இயக்குநீர்களைப் போல நடிக்கும் அயற்பொருளுக்கும் ஏமாந்து கீழ்ப்படியும் அன்றோ? சிக்கலின் வேர் இதுவே.

இனி, அக்கழிக்கு வரும் நீரின் வழியைப் பார்ப்போம். பல பத்தாண்டுகளாகக் குப்பை குவிந்த பெருங்குடியை ஒட்டியது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதன் வடிநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, வழியிலுள்ள குடியிருப்புகளின் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டு, முட்டுக்காட்டை அடைந்து கோவளத்தில் கடல் சேர்கிறது. கோடையில் மணல்மேடு கழிமுகத்தை அடைக்கும், நீர் தேங்கும். வடகிழக்குப் பருவமழையில் மணல் உடைந்து வாய் திறக்கும். அப்பருவத்தில் கடலோர நீரோட்டம் தெற்கு நோக்கியது. தெற்கே இருப்பது மாமல்லபுரம்.

வீட்டுக் கழிவுநீரில் மனித உடலினின்று வெளியேறும் இயக்குநீர்கள் உள்ளன. கருத்தடை மாத்திரைகளின் எச்சமும் வரக்கூடும். சிலவகைச் சலவைப் பொருள்கள் சிதைந்து உண்டாகும் நோனைல்பீனால் பெண் இயக்குநீரைப் போலச் செயற்படும். இவற்றால் நேரும் விளைவைக் கனடா நாட்டு அறிஞர்கள் ஓர் ஏரியையே ஆய்வுக்கூடமாக்கிக் கண்டனர். கருத்தடை மாத்திரையில் சேரும் செயற்கைப் பெண் இயக்குநீரை 2001 முதல் 2003 வரை அந்த ஏரியில் கலந்தனர். அளவு, லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம். அதாவது கிராமில் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு. ஒரு மீனும் செத்து மிதக்கவில்லை. ஆனால் மின்னோ எனும் சிறுமீனின் ஆண்களது குருதியில், பெண்மீனுக்கே உரிய முட்டைக்கரு முன்புரதம் பெருகியது. விந்தகங்கள் வளர்ச்சி குன்றின. அவ்வினம் அந்த ஏரியில் அழியும் நிலைக்கு வந்தது. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அது மீண்டும் தழைத்தது. மின்னோ குறைந்த ஆயுள் உடையது. கேடும் மீட்சியும் விரைவில் புலப்பட்டன. பெண்ணாவதற்கே ஆறு ஆண்டு வேண்டும் கொடுவாவில் இவை இரண்டும் எவ்வளவு காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளின் வழி வேறு. இந்திய வேளாண்மையில் அதற்கு 1989இலேயே தடை வந்தது. எனினும் இத்தகைய பொருள்கள் சேற்றில் நெடுங்காலம் தங்கும். உண்ட மீனின் கொழுப்பில் ஆண்டுதோறும் சேரும். சினை பிடிக்கும்போது தாய் தன் கொழுப்பை முட்டையின் கருவுக்கு அனுப்புகிறது. நஞ்சும் உடன் செல்கிறது. குஞ்சு உண்ணும் முதல் உணவு அந்தக் கரு.

உலோகங்கள் வளர்ச்சியைத் தாக்குவன. செவுள் தடித்தால் மூச்சு குறையும். ஈரல் உலோகத்தைக் கட்டிவைக்கத் தனிப்புரதம் செய்தாக வேண்டும். உண்ட உணவின் ஆற்றல் இவ்வாறு செலவாக, உடல் வளர மிஞ்சுவது குறைகிறது. இவ்விடத்தில், நம் சமுதாயத்தார் பலர் தலைமுறைகளாக ஈடுபட்டுள்ள தோல்தொழிலைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தொழில் குரோமிய உப்புக்கு மாறியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடல் சேரும் பாலாற்றில், வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவு கலந்தது பற்றி உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பொருள் செலவிட்ட ஆலையாளரும் உண்டு, அதனையும் சொல்லவேண்டும்.

கழிநீரை வழக்கமாகச் சோதிப்போர் உயிர்வளி, அமிலத்தன்மை, உப்பு முதலியவற்றை அளப்பர். நானோகிராம் அளவில் நிற்கும் இயக்குநீர்ப் போலிகள் அச்சோதனையில் அகப்படா. மீனின் உடலே அவற்றுக்கு ஏற்ற அளவுகோல். அதற்குக் கொடுவா பொருந்தாது. அது இயல்பாகவே பால் மாறுவதால், விந்தகத்தில் முட்டைத்திசு தென்பட்டாலும் காரணம் தெளிவாகாது. அதே கழியில் வாழும் மடவையில் ஆண் வேறு, பெண் வேறு. வளர்ந்த ஆண் மடவைகளைக் கோவளத்தில் வாங்கி, விந்தகத்தை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் வசதி நம் கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடங்களுக்கு எட்டாததன்று. பருவமழைக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, கழிவுநீர் சேராத வேறொரு கழியின் மடவையோடு ஒப்பிட வேண்டும்.