விரல் வலிக்கு ஓய்வு மட்டும் போதாது

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல், சட்டைப் பித்தான் போடவும் டம்ளரைப் பிடிக்கவும் திணறுகிறவர்களுக்கு வீட்டார் சொல்லும் முதல் யோசனை, கைக்கு வேலை கொடுக்காதே என்பதுதான். முடக்குவாதத்தில் விரல் கணுக்கள் வீங்கிக் கிடக்கும்போது அது நியாயமாகவே படும். ஆனால் நாள்கணக்கில் அசைக்காத மூட்டு மேலும் இறுகும், தசை மெலியும், பிடி தளரும். வலிக்குப் பயந்து கையை ஒதுக்கினால் வலியும் தீராது, கையின் திறனும் குறையும். மருந்தோடு, அளந்து செய்யும் பயிற்சியும் முடக்குவாதக் கைக்குத் தேவை.

இதற்கு வலுவான சான்று, இங்கிலாந்தில் நடந்து 2015-இல் 'லான்செட்' இதழில் வெளியான 'சாரா' ஆய்வு. 17 அரசு மருத்துவமனை நிர்வாகங்களின் கீழ் சிகிச்சை பெற்ற 490 பேர் அதில் பங்கேற்றனர். அனைவருக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாகக் கைப்பயிற்சி கற்றுத் தரப்பட்டது. மூட்டை இளக்க 7 பயிற்சிகள், வலுவூட்ட 4 பயிற்சிகள். உள்ளங்கையை மேசைமேல் பதித்து, விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது அவற்றில் ஒன்று. முடக்குவாதம் விரல்களைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் என்பதால் அதற்கு எதிர்த்திசையில் இந்த அசைவு. ஓராண்டு முடிவில், கையின் செயல்திறனை 100-க்கு மதிப்பிடும் அளவுகோலில் பயிற்சி செய்தவர்கள் சுமார் 8 புள்ளிகளும், மற்றவர்கள் சுமார் 4 புள்ளிகளும் முன்னேறியிருந்தனர்.

வீங்கிய மூட்டைப் பயிற்சி மேலும் கெடுக்காதா என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த ஆய்வில் பயிற்சியால் கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் வலியைப் பொறுத்தவரை இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடும் இல்லை. அப்படியானால் பயன் என்ன என்று கேட்கலாம். பூட்டைத் திறப்பது, பாத்திரத்தைத் தூக்குவது, பேனா பிடிப்பது என அன்றாட வேலைகளைப் பிறர் கையை எதிர்பாராமல் செய்ய முடிவதே பயன். நல்ல மருந்து இருக்கும்போது பயிற்சி எதற்கு என்பாரும் உண்டு. ஆய்வில் சேர்ந்தவர்களில் மருந்து எடுத்துக்கொண்டவர்கள் குறைந்தது 3 மாதமாக ஒரே மருந்துமுறையில் இருந்தவர்கள். அதற்கு மேல் கிடைத்த முன்னேற்றமே இது. நாள் முழுதும் வீட்டுவேலை செய்கிறோமே, அதுவே பயிற்சிதானே என்பது இன்னொரு வாதம். மாவு பிசைவதும் துணி பிழிவதும் ஒரே பிடியைத் திரும்பத் திரும்பக் கேட்பவை. எல்லா மூட்டையும் முழுதாக நீட்டி மடக்க வைப்பதில்லை, கையின் நிலைக்கேற்பப் பாரத்தைப் படிப்படியாக ஏற்றுவதுமில்லை.

பயிற்சிக்கும் எல்லை உண்டு. சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பலர் பயிற்சியைக் குறைத்திருந்தனர். இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடும் மங்கியிருந்தது. மேலும், எல்லா விரல் இறுக்கமும் முடக்குவாதம் அல்ல. தேய்மானம், தசைநாண் சிக்கல், எலும்பு முறிவு ஆகியவற்றாலும் விரல் இறுகலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. மூட்டு திடீரெனச் சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மற்றபடி, காரணத்தை உறுதிசெய்துகொண்டு, பிசியோதெரபிஸ்ட்டிடம் முறையாகக் கற்று, வலி சற்றுத் தணிந்த பிறகும் நிறுத்தாமல் வீட்டில் தினமும் செய்யுங்கள்.