குடிபோதைச் சாரத்தியமும் மானிய நிதியும்: குருவிட்டவை முன்வைத்து ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையில், இரத்தினபுரிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் முன்னதாக அமைந்துள்ள சிறுநகரம் குருவிட்ட. 1912 இல் இரத்தினபுரியை எட்டிய களனிவெளிப் புகையிரதப் பாதை இந்நகரினூடாகவே சென்றது. அவிசாவளைக்கு அப்பாலான பகுதி 1970களில் மூடப்பட்டதன் பின்னர், தேயிலைக் கொழுந்தும் இறப்பர்ப் பாலும் மாணிக்கக்கல் வியாபாரியும் பாடசாலைப் பிள்ளையும் அந்த ஒரே வீதியையே நம்பி வாழவேண்டியதாயிற்று. மார்கழி தொடங்கி வெசாக் வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில், குருவிட்ட – எரத்ன வழியே மலையேறச் செல்வோரின் வாகனங்களும் இரவிரவாக இவ்வீதியிற் சேர்ந்துகொள்கின்றன. தோட்ட லயன்களிலிருந்து இறங்கி வருவோருக்கு இவ்வீதியின் ஓரமே நடைபாதை.

மது அருந்தி வாகனஞ் செலுத்துவோரைத் தடுக்கும் பொலிஸ் நடவடிக்கைக்கு நிதி எவ்வாறு கிடைக்கிறது, எவ்வாறு கிடைக்கவேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. பொலிசாருக்கு நிதி தேடுவது பற்றி முற்போக்காளர் ஏன் அக்கறைப்பட வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். மலையகத் தொழிலாளர் பொலிசாரிடம் பெற்ற அனுபவத்தை அறிந்தவர் எவரும் அவ்வினாவை அற்பமானதெனத் தள்ளார். ஆயினும் வீதியில் மடிவோர் யாவர் என்று நோக்குமிடத்து விடை தெளிவாகும். உலக வங்கி 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 38,000 விபத்துக்கள் நிகழ்கின்றன. சுமார் 3,000 பேர் மாள்கின்றனர். சுமார் 8,000 பேர் படுகாயமடைகின்றனர். இறப்போருட் பெரும்பான்மையினர் காரில் செல்வோர் அல்லர். மோட்டார் சைக்கிளில் செல்வோரும் பாதசாரிகளும் முச்சக்கரவண்டிப் பயணிகளுமே அவர்கள். எனவே இது வர்க்கச் சார்புள்ள ஒரு மரணம் எனலாம்.

சட்டத்திற்குக் குறைவில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும், அவற்றின் கீழான ஒழுங்குவிதிகளும் 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் மதுசாரத்தை எல்லையாகக் கொள்கின்றன. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 50 மில்லிகிராம். ஆனால் எல்லையைக் குறைப்பதற்கு முன்னதாகத் தண்டத்தைக் கூட்டுவதிலேயே நமது ஆட்சியாளர் ஆர்வங் காட்டினர். 2016 இன் இறுதியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத்திட்டம் பாரதூரமான வீதிக் குற்றங்களுக்கு 25,000 ரூபா குறைந்தபட்சத் தண்டத்தை முன்மொழிந்தது; பின்னர் சட்டத்திருத்தத்தின் மூலம் அது நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் இத்தண்டம் பதினெட்டு நாள் வேலைக்கும் மேற்பட்டது. தோட்டத்து முச்சக்கரவண்டிக்காரரின் குடும்பத்தை அது கடனில் ஆழ்த்தும். சொகுசு வாகனத்தில் வருபவருக்கோ ஒரு மாலை விருந்தின் செலவு.

தண்டத்தின் கடுமை குற்றத்தைத் தடுக்குமா? பிரித்தானியாவில் 1967 ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தவுடன் இரவு நேர விபத்துக்கள் பெரிதும் குறைந்தன. பின்னர் அக்குறைவு படிப்படியாகத் தேய்ந்தது. அமெரிக்க சமூகவியலாளர் லோரன்ஸ் ரொஸ் இதனை ஆராய்ந்து, தாம் பிடிபடும் வாய்ப்பு உண்மையில் மிகச் சொற்பமே என்பதைச் சாரதிகள் நாளடைவில் உணர்ந்துகொண்டமையே காரணம் எனக் காட்டினார். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசெம்பரில் தொடங்கிய எழுமாற்றுச் சுவாசப் பரிசோதனை இதற்கு மறுதலையான உதாரணம். எவரையும் எவ்வேளையிலும் நிறுத்தி ஊதச் செய்தனர், அதனை ஆண்டுக்கணக்கில் இடையறாது நடத்தினர், பலன் நிலைத்தது. அஞ்சப்படுவது தண்டத்தின் தொகையன்று, அகப்படுவோம் என்ற நிச்சயமே. அந்நிச்சயத்திற்கோ நாள்தோறும் பணம் வேண்டும். இதுவே நிதிப் பிரச்சினையின் உயிர்நிலை.

ஐக்கிய அமெரிக்காவில் பொலிஸ் நிர்வாகம் நகரங்களிடமும் மாவட்டங்களிடமும் பரந்து கிடக்கிறது. 1966 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசின் மானியத்தை மாநிலங்களுக்கு வழங்குகிறது. அதில் குறைந்தது 40 வீதம் உள்ளூர் அமைப்புகளுக்காகச் செலவிடப்படவேண்டும் என்பது விதி. சிறுநகரப் பொலிஸ் பிரிவொன்று தன் எல்லைக்குள் எந்த வீதியில், எந்தக் கிழமையில், எந்த மணிநேரத்தில் விபத்து மிகுகிறது என்பதைப் புள்ளிவிபரத்துடன் காட்டி விண்ணப்பிக்கிறது. கிடைக்கும் பணத்தின் கணிசமான பகுதி மேலதிக நேரப்படியாக இரவுக் கடமைக்குச் செல்கிறது. பணத்தைவிட அவ்விண்ணப்பமே பெறுமதி மிக்கது என்பது என் கருத்து. தன் ஊரின் விபத்தைத் தானே கற்கும்படி அது பொலிசாரை நிர்ப்பந்திக்கிறது.

குருவிட்டப் பொலிஸ் நிலையம் இவ்வாறு விண்ணப்பிக்க வழியில்லை. இலங்கைப் பொலிஸ் மத்திய அரசின் ஒரே படை. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் மாகாணங்களுக்கு வழங்கிய பொலிஸ் அதிகாரம் ஏட்டிலேயே உள்ளது. நிலையத்தின் வாகனம், எரிபொருள், ஆளணி யாவும் கொழும்பின் ஒதுக்கீடு. 2018 இல் உருவான ஐக்கிய நாடுகள் வீதிப் பாதுகாப்பு நிதியம், உலக வங்கியோடிணைந்த வசதிகள் முதலியன அரசாங்கங்களோடும் சர்வதேச நிறுவனங்களோடுமே பேசும். நிலையப் பொறுப்பதிகாரியோடு பேசா. அவ்வழியே வரும் உதவி பெரும்பாலும் கருவியாகவே வந்து சேரும். கருவியைக் கையளிக்கும் வைபவத்திற்குப் புகைப்படம் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படும் ஊதுகுழாய்க்கும், கருவியின் அளவுத்திருத்தத்திற்கும், நள்ளிரவில் வீதியில் நிற்கும் கொன்ஸ்தாபலின் படிக்கும் அது கிடையாது. அவை தீர்ந்தவுடன் கருவி அலுமாரியில் உறங்கும்.

ஆயின் உள்நாட்டிலேயே நிதி உண்டு என்பது பலர் கவனியாத விடயம். 1998 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய வீதிப் பாதுகாப்பு சபையின் நிதியத்திற்கு, மூன்றாந் தரப்புக் காப்புறுதிக் கட்டணத்தில் 1 வீதம் சேர்கிறது. அக்கட்டணத்தை முச்சக்கரவண்டிக்காரரும் செலுத்துகிறார். அன்றியும், நீதவான் நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணத்தில் ஒரு பகுதி மாகாண சபை ஊடாக உள்ளூராட்சி மன்றங்களின் வருமானமாகிறது. எனவே ஏ-4 வீதியில் குடித்துவிட்டு ஓட்டியவரின் பணம், சுற்றிவந்தேனும், பிரதேச சபையின் கணக்கேட்டைத் தொடுகிறது. அதைக் கொண்டு தோட்டச் சந்திகளில் வீதிவிளக்கு இட்டாலென்ன, ஓரப்பாதை அமைத்தாலென்ன என்று கேட்கலாம். பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாயிருந்தது. 2018 இன் திருத்தத்திற்குப் பின் அச்சாட்டு செல்லாது.

குருவிட்டவுக்கென ஒரு விண்ணப்பத்தை நாமே வரைவோமாயின் அதில் என்ன இருக்கவேண்டும்? தோட்டத்துச் சம்பள நாள் எது, தீபாவளி முற்பணம் எப்போது கைக்கு வருகிறது, மதுபானசாலை எவ்வேளை அடைக்கிறது, பௌர்ணமி விடுமுறைக்கு முதல்நாள் மாலை அதன் வாசலில் எத்தனை வாகனம் நிற்கிறது என்பன பொலிஸ் தலைமையகத்தின் அட்டவணையில் இரா. தோட்டத் தலைவரும் கங்காணியும் வைத்தியசாலை உதவியாளரும் அறிவர். சோதனைச் சாவடியைத் தோட்டப் பாதையின் வாயிலில் மட்டும் நிறுத்திவிட்டு நெடுஞ்சாலையின் கார்களை விட்டுவிடும் வழக்கத்திற்கு இடமளிக்காதிருக்க, நிறுத்திய வாகனங்களின் வகையும் எண்ணிக்கையும் மாதந்தோறும் பகிரங்கப்படுத்தப்படவேண்டும் என்பதை நிதியின் நிபந்தனையாக்கலாம். எழுமாற்றுப் பரிசோதனை உண்மையில் எழுமாற்றாக நடக்கிறதா என்பதை அறிய வேறு வழியில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனம் இனங்காணப்படாதபோது, பாதிக்கப்பட்டவருக்கோ இறந்தவரின் குடும்பத்திற்கோ மேற்சொன்ன தேசிய சபையின் நிதியம் நட்டஈடு வழங்குகிறது. அதைப் பெறுவதற்கு முதற்படி பொலிஸ் முறைப்பாடு. சபரகமுவவின் பொலிஸ் புத்தகம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. தமிழில் முறையிடும் உரிமை அரசியலமைப்பில் உள்ளது. இரண்டுக்கும் இடையில் நிற்பவர் கணவனையோ மகனையோ வீதியில் இழந்த ஒரு தொழிலாளப் பெண். தமிழில் எழுதத் தெரிந்த ஓர் அலுவலரை இரவுக் கடமையில் அமர்த்துவதற்கான செலவையும் வீதிப் பாதுகாப்புச் செலவாகவே அவ்விண்ணப்பம் கணக்கிடவேண்டும்.