பச்சிளம் வயிற்றுக்கு ஏன் இந்தப் பட்டினி?

"ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கொடுக்காதீங்கம்மா." குழந்தைக்கு ஆபரேஷன் என்று வார்டில் படுக்கை போட்டதுமே இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். காலை எட்டு மணிக்கு என்ற ஆபரேஷன் பதினொன்றாகும், சில நாள் மதியம் இரண்டும் ஆகும். மூன்று வயதுப் பிள்ளை அதுவரை தண்ணீருக்கு அழும். அம்மா டம்ளரை ஒளித்து வைப்பாள்.

பெரியவர்களின் குடல் அறுவை சிகிச்சையில், பட்டினியையும் படுக்கையையும் குறைத்தால் உடம்பு விரைவாகத் தேறும் என்று 1990களில் காட்டியவர் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட். அந்த விரைவு மீட்பு முறை இப்போது குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. வலிக்கு மார்ஃபினை மட்டும் நம்பாமல் பாராசிட்டமாலோடு நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி, தேவையற்ற குழாய்களைச் சீக்கிரம் எடுப்பது, அன்றோ மறுநாளோ எழுந்து நடக்க வைப்பது என்று அதில் பல உண்டு. ஆனால் காசே செலவில்லாத முதல் படி, அந்த டம்ளர் தண்ணீர்தான்.

மயக்கத்தில் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். தெளிந்த நீரோ, குழந்தையின் வயிற்றை விட்டு வேகமாக இறங்கிவிடுகிறது. அதனால்தான் ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் 2018இல் ஒரு மணி நேரம் முன்புவரை அதை அனுமதித்தன. 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல் தாய்ப்பாலுக்கு மூன்று மணி நேரம் என்றது. அமெரிக்கர்கள் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு என்கிறார்கள். இரவு முழுக்கப் பட்டினி என்பது இவற்றில் எதிலுமே இல்லை. காய்ந்துபோன குழந்தைக்கு ஊசி போட நரம்பு கிடைப்பதுகூடச் சிரமம். மயக்கம் கொடுத்ததும் ரத்த அழுத்தமும் இறங்கும்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் இதே கதை. "காத்து பிரிஞ்சதா?" என்று கேட்டுக்கேட்டு, பல மணி நேரம் வாய் நனைக்க விடுவதில்லை. குடலைத் தொடாத ஹெர்னியா ஆபரேஷனுக்கு அந்தக் காத்திருப்பு எதற்கு? விழித்து, வாந்தி இல்லாமல், கேட்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

குடலடைப்பு, அவசர ஆபரேஷன் போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. அங்கே மயக்க மருந்து டாக்டர் சொல்வதே முடிவு. மற்றபடி, ஆபரேஷன் தள்ளிப்போனால் தியேட்டரிலிருந்து வார்டுக்கு ஒரு போன் வந்தாக வேண்டும். வராவிட்டால் பெற்றோர் தயங்காமல் கேட்கட்டும்: "சிஸ்டர், நேரம் மாறிடுச்சே, இப்ப தண்ணி கொடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."